துணி மாமாவுக்குச் சிவப்பு

ஆபீஸில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். வைத்தவர் பக்கத்து சீட்டு டிரில் சார். அவர் நிஜமாகவே ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து, முழங்கால் தேய்ந்துபோய், இந்த உட்கார்ந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர். அவர் ஒரு சேனலைப் பார்த்து முடித்து, தொண்டையைச் செருமி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் எக்ஸ்பிரஸ் நாலு சேனலுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்ததைத் திறந்திருப்பாள். தீர்ப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் தாராளமாகப் பார்க்கலாம் என்றால் பச்சை. பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம் என்றால் மஞ்சள். வேண்டவே வேண்டாம் என்றால் சிவப்பு. கம்பெனியின் ஆப்பைப் போட்டுக்கொண்ட வீடுகளுக்கெல்லாம் அந்த நிறம் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும். அம்மா அப்பாக்கள் பிள்ளையின் கையில் திரையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சமைப்பார்கள், தூங்குவார்கள், சண்டை போடுவார்கள்.

உலகத்தில் வீடியோ போடாத ஆள் யார் என்று கேட்கிற காலம். எல்லாரையும் முழுக்கப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஆயுசு போதாது. அதனால் ஆபீஸில் எல்லாமே இரட்டை வேகம்தான். அதோடு திரையின் ஓரத்தில் ‘தாவல்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கிவிட்டால் யாரும் பேசாத இடங்களை எல்லாம் மெஷினே தாண்டிப் போய்விடும். தப்பு என்று ஒன்று இருந்தால் பேச்சில்தான் இருக்கும், சும்மா இருக்கிற இடத்தில் என்ன இருக்கப்போகிறது என்பது கம்பெனியின் எண்ணம். கேட்டால் யாருக்கும் சரி என்றுதான் படும். டிரில் சார் மட்டும் தாவலைப் போட மாட்டார். கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை, போட்டால் அவருக்குத் தலை சுற்றும்.

சிவப்பு விழுந்த சேனலைத் தொட்டால் பிள்ளைக்குத் திரையில் ஒரு மூடிய கதவு தெரியும். அதன்மேல் என்ன எழுதுவது என்று ஒருமுறை பெரிய மீட்டிங்கே நடந்தது. ‘இவ்வுள்ளடக்கம் தங்கள் வயதினருக்குப் பரிந்துரைக்கப்படவில்லை’ என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். அதைப் படித்து முடிப்பதற்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும் என்றார் டிரில் சார். கடைசியில் எக்ஸ்பிரஸ் சொன்னதுதான் நிலைத்தது. ‘இங்கே வர வேண்டாம்.’ மூன்றே வார்த்தை, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் புரியும் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

எக்ஸ்பிரஸ் முன்பிருந்தே சுறுசுறுப்புதான். போன வருஷம் அவள் புருஷன் பைக்கோடு லாரிக்கு அடியில் போன பிறகு, அது சுறுசுறுப்பு என்கிற எல்லையைத் தாண்டிவிட்டது. நின்றால் அழுகை வந்துவிடும் என்று ஓடிக்கொண்டே இருக்கிறவர்கள் உண்டு. அவள் அந்த ரகம். காலையில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி கிளம்புவாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகளிடம், “பல்லு தேச்சியா, பால் குடிச்சியா, பென்சில் எடுத்தியா, சரி வா” என்று ஒரே மூச்சில் கேட்டு, பதிலையும் தானே வைத்துக்கொண்டு, கையைப் பிடித்து இழுத்தபடி படி இறங்குவாள். மகளை வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டி “ம்” என்பாள்.

அப்பா போன நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் வாயில் மிஞ்சியிருந்தது அந்த ‘ம்’ ஒன்றுதான். முன்னே அவள் பேச ஆரம்பித்தால் யாராவது காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். இப்போது வகுப்பில் கேட்டால் தலையை ஆட்டுகிறாள், வீட்டில் கேட்டால் ‘ம்’. டாக்டர் பார்த்துவிட்டு, காலம் ஆகும், பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமை எக்ஸ்பிரஸிடம் கடனுக்குக்கூடக் கிடையாது. ஆனால் அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். குட்டி பழையபடி பேச வேண்டும். அதற்காகக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுப் பார்த்தாள், கதை சொன்னாள், வேடிக்கை காட்டினாள், ஒருநாள் பொறுக்காமல் தோளைப் பிடித்து உலுக்கியும்விட்டாள். அதற்கும் ஒரு ‘ம்’ வந்தது.

அந்த வாரம் ஒரு தகப்பனின் புகார் வந்தது. ‘துணி மடிக்கிற மாமா’ என்று ஒரு சேனல். முன்பின் தெரியாத ஆள் என் மகனிடம் வீட்டு விவரம் கேட்கிறான், கவனியுங்கள் என்று எழுதியிருந்தார். எக்ஸ்பிரஸ் திறந்தாள். பார்க்கிற கூட்டம் சொற்பம்தான். நடு வயசு ஆள், காதோரம் நரை. பின்னால் வெள்ளைச் சுவர், முன்னால் மேஜை, மேஜைமேல் துவைத்துக் காய்ந்த துணி குவியலாகக் கிடந்தது. துண்டுகள், போர்வைகள், சின்னச் சின்னச் சட்டைகள். ஆள் அதை மடித்துக்கொண்டே பேசுகிறார். வேறு ஒரு மண்ணும் இல்லை.

இரட்டை வேகத்தில், தாவலும் போட்டு, அவர் பேசியது இப்படி இருந்தது:

“வந்துட்டியா? வீட்ல யாரு இருக்காங்க? அப்படியா. அவங்க என்ன பண்றாங்க? அப்படியா. இன்னைக்கு யாரை நெனச்சே? அப்படியா. இன்னைக்கு யாரு மேல கோவம்? அப்படியா. அம்மாகிட்ட சொல்லலையா? பயமா இருக்கா? சரி. அவசரமில்ல. என்கிட்ட சொன்னல்ல.”

எக்ஸ்பிரஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத ஆள் பிள்ளையிடம் கேட்டால் சிவப்பு, அம்மாவிடம் சொல்லாததைத் தன்னிடம் சொல்லச் சொன்னால் சிவப்பு. விதி அப்படி. விதியைக் குற்றம் சொல்ல முடியாது, பிள்ளை பெற்றவர்கள் யாரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். என் குட்டியிடம் எவனாவது இப்படிக் கேட்டால் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அதற்குப் பிறகு அவள் கை நிற்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில், ‘கேள்வி மேல் கேள்வி. பிள்ளை பதில் சொல்ல இடமே கொடுப்பதில்லை. பேச்சில் தடுமாற்றம். நம்பத் தக்கவராகத் தெரியவில்லை’ என்று அடித்தாள்.

சிவப்புக்கு இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். டிரில் சார் எட்டிப் பார்த்தார்.

“முழுசா பாத்தீங்களாம்மா?”

“பாக்க என்ன சார் இருக்கு? துணிதான் இருக்கு.”

அவருக்கும் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒப்புதல் பொத்தானைத் தட்டிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் எக்ஸ்பிரஸ் வழக்கம்போல மாடிக்குப் போனாள். அவள் வீடு இருந்த கட்டடத்திலேயே மேல்மாடியில் அவள் நாத்தனார் குடியிருந்தார். புருஷனுக்கு அக்கா. பேன்ட்டுக்கு ஜிப் மாற்றுவது, சட்டையைப் பிடித்துத் தைப்பது என்று வீட்டிலேயே மெஷின் ஓட்டுகிறவர். பள்ளிக்கூடம் விட்டு வரும் குட்டி சாயங்காலம் வரை அங்கேதான் இருப்பாள். அன்றைக்குக் குட்டி மூலையில் உட்கார்ந்திருந்தாள். டேப்லட் தரையில் கவிழ்ந்து கிடந்தது.

“ஹோம்வொர்க் முடிச்சியா, ஏதாவது சாப்பிட்டியா, சரி வா.”

‘ம்’ வரவில்லை. எக்ஸ்பிரஸ் அதைக் கவனிக்கவும் இல்லை. ஓடுகிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு வாரத்தில் வகுப்பு டீச்சரிடமிருந்து போன் வந்தது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட வாயைத் திறப்பதில்லை, முன்னே தலையாவது ஆட்டுவாள், இப்போது பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாள் என்றார். அன்று எக்ஸ்பிரஸ் மாடிக்குப் போனபோது நாத்தனார் மெஷினை நிறுத்தினார். அது அபூர்வம்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நின்னு கேப்பியா?”

“சொல்லுங்கக்கா. இவ பை எங்க?”

“பை எங்கயும் ஓடிடாது. உக்காரு.”

எக்ஸ்பிரஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். குட்டி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ஸ்கூல் விட்டு வந்ததும் டேப்லட்டை எடுத்துக்கிட்டு அந்த மூலையில உக்காருவா. ஒரு ஆளு துணி மடிச்சுக்கிட்டு இருப்பாரு. அவ்வளவுதான். நான்கூட, நம்ம வீட்லயே மடிக்க இவ்வளவு கிடக்கு, இவ எங்கயோ போய்ப் பாக்குறாளேன்னு நெனச்சேன். அந்த ஆளு ஏதோ கேப்பாரு. இவ பேசுவா.”

“யாரு பேசுவா?”

“குட்டிதான். நல்லா, வாக்கியம் வாக்கியமா. நான் திரும்பிப் பாத்தா நிறுத்திடுவா. அதனால திரும்பவே மாட்டேன், மெஷினை ஓட்டிக்கிட்டே இருப்பேன். இந்தச் சத்தத்துல அவ என்ன பேசினான்னு எனக்குக் கேக்காது. பேசுறாளே, அது போதும்னு இருந்தேன்.”

“என்கிட்ட ஏங்க்கா சொல்லல?”

“எப்ப சொல்ல? வருவே, பையைத் தூக்குவே, ஓடுவே. உன் முதுகுகிட்டதான் சொல்லியிருக்கணும்.” நாத்தனார் நூல் தும்பைப் பல்லால் கடித்துத் துப்பினார். “இப்ப ஒரு வாரமா அது வர மாட்டேங்குது. ஒரு கதவு படம் வருது. உங்க ஆபீஸ் ஆப்புதானே அது? ஏதோ ரிப்பேரு போல. சொல்லி சரி பண்ணு.”

எக்ஸ்பிரஸ் டேப்லட்டை எடுத்துத் திறந்து அந்தக் கதவைப் பார்த்தாள்.

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்ததும் அவள் முதல் வேலையாக அந்தச் சேனலின் பிரதியை எடுத்தாள். பார்த்து முடித்த வீடியோக்களை ஆபீஸில் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள். இரட்டை வேகத்தை எடுத்தாள். தாவலை எடுத்தாள். பழக்கமில்லாத வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது.

“வந்… வந்துட்டியா?” என்றார் துணி மாமா.

அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டை எடுத்தார், உதறினார், மூலையோடு மூலை சேர்த்தார், நீவினார். எக்ஸ்பிரஸின் விரல் தானாகவே பொத்தானுக்குப் போயிற்று. இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வீட்ல… யாரு இருக்காங்க?”

இப்போது ஒரு போர்வை. பெரிய போர்வை. தனி ஆளாக அதை மடிப்பது லேசான காரியமில்லை. அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் முறைத்துப் பார்க்காதபோதுதான் சில பிள்ளைகளுக்குப் பேச்சு வரும். ஒரு பிள்ளை தன் வீட்டில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராக, பூனை வரைக்கும் சேர்த்துச் சொல்லி முடிக்க அந்தப் போர்வை போதும். மடித்துக் கீழே வைத்துவிட்டுத்தான் அவர் “அப்படியா” என்றார். பதிலைக் கேட்ட ஆள் சொல்கிற மாதிரியே சொன்னார்.

பிறகு ஒரு சின்னச் சட்டையை எடுத்து, பட்டன் போட்டபடி கேட்டார். “இன்னைக்கு யாரை… யாரை நெனச்சே?”

“அவரைத்தான்” என்றாள் எக்ஸ்பிரஸ்.

வாய்விட்டே சொல்லிவிட்டாள். டிரில் சார் திரும்பினார். “என்னம்மா?” திரையில் துணி மாமா மூன்றாவது பட்டனைப் போட்டு, காலரை மடித்து, “அப்படியா” என்றார். எக்ஸ்பிரஸ் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். புருஷன் போனதிலிருந்து அவள் ஆபீஸில் அழுததே இல்லை. அன்றைக்குச் சேர்த்து வைத்து அழுதாள். டிரில் சார் அந்த முழங்காலோடு எழுந்து போய் டீ வாங்கி வந்து வைத்தார்.

“நானும்தானேம்மா தட்டிவிட்டேன்” என்றார்.

சிவப்பை எடுக்கச் சொல்லி எக்ஸ்பிரஸ் மேலாளரிடம் போனாள். மேலாளர் நல்ல மனுஷிதான். உட்கார வைத்துக் கேட்டார்.

“விதிப்படி பாத்தா நீங்க போட்டது சரிதானே? தெரியாத ஆம்பள, வீட்ல யாரு இருக்காங்கன்னு பிள்ளைகிட்ட கேக்கலாமா?”

“கூடாதுதான் மேடம்.”

“அப்புறம் என்ன?”

“அவர் பேசினதை மட்டும்தான் நான் பாத்தேன். பேசாம இருந்ததைப் பாக்கல.”

மேலாளருக்கு அது புரிந்ததோ என்னவோ, மறு ஆய்வுக்கு எடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். தேடினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தேடினார். “சேனலே இல்லையேம்மா. நேத்து அவரே எல்லாத்தையும் அழிச்சிருக்காரு. இல்லாத சேனலுக்கு மறு ஆய்வு கிடையாது.”

“அப்போ அந்தச் சிவப்பு?”

“அது இருக்கும். அதை எடுக்கறதுக்கு எதைப் பாத்து எடுக்கறது?” பிறகு கொஞ்சம் தயங்கி, “சேனலை மூடிட்டா நம்ம பிரதியையும் வச்சிருக்கக் கூடாது. அழிச்சுடுங்க” என்றார்.

பிரதியைத் திருடிக்கொண்டு போய்க் குட்டிக்குக் காட்டலாமா என்று எக்ஸ்பிரஸ் நினைக்காமல் இல்லை. திரும்பி வந்து பார்ப்பதற்குள் அதுவும் போய்விட்டிருந்தது. ஆபீஸில் சில வேலைகள் அவளைவிட வேகமாக நடக்கும்.

சேனல்காரரின் நம்பர் ரிக்கார்டில் இருந்தது. கூப்பிடக் கூடாது என்பதும் விதிதான். மத்தியானம் ஆபீஸ் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள். பின்னணியில் பெரிய மெஷின் ஓடுகிற இரைச்சல் கேட்டது. தான் யார் என்று சொன்னாள். சிவப்புப் போட்டது நான்தான் என்றாள். அந்தப் பக்கம் மெஷின் மட்டும் ஓடியது. எக்ஸ்பிரஸ் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

“நீ… நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலம்மா” என்றார் துணி மாமா. “நானா இருந்தாலும் சந்… சந்தேகப்படுவேன்.”

ஒரு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவருக்கு வேலை. குழந்தைகள் வார்டுக்குத் துணி மாற்றப் போவாராம். பிள்ளைகள் வீட்டை நினைத்து அழும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் அழுகையை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்துவிடும். குணமாகி வீட்டுக்குப் போன ஒரு பிள்ளை, மாமா எங்கே மாமா எங்கே என்று கேட்டதால்தான் முதல் வீடியோ போட்டாராம். இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. வார்த்தை வார்த்தையாக முட்டி மோதி வெளியே வந்தது.

“எனக்குச் சின்ன வயசுலயே திக்கும்மா. நான் ஒரு வார்த்தையை எடுக்கறதுக்குள்ள, பக்கத்துல இருக்கறவங்க அதைச் சொல்லி முடிச்சிடுவாங்க. அதனால, பிள்ளைங்க சொல்லட்டும்னு… சும்மா இருப்பேன்.”

“இப்ப வார்டுக்குப் போறீங்களா?”

“இல்ல. சிவப்புன்னு யாரோ பாத்துச் சொல்லியிருக்காங்க. மேல வர வேணாம்னுட்டாங்க. கீழ மெஷின் ரூம்ல இருக்கேன்.”

“நான் எழுதித் தரேன் சார். தப்பு என்னோடதுன்னு எழுதித் தரேன்.”

“வேணாம்மா. கிளறினா, இந்தப் பேச்சு ஏன் வந்துச்சுன்னு இன்னும் நாலு பேரு கேப்பாங்க.”

அவள் தொட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். “என் பொண்ணு உங்ககூடப் பேசிக்கிட்டு இருந்தா சார். எங்க யார்கிட்டயும் பேச மாட்டா. உங்ககிட்ட மட்டும்தான் பேசியிருக்கா.”

மெஷின் ஓய்ந்தது. பிறகு அவர் கேட்டார். “என்ன… என்ன பேசினா?”

“தெரியல சார்.”

“எனக்கும் தெரியாதேம்மா. எனக்கு எதுவும் கேக்காதே.”

அவளுக்காக மட்டும் ஒன்றே ஒன்று எடுத்துத் தர முடியுமா என்று எக்ஸ்பிரஸ் கெஞ்சினாள். அவர் உடனே மறுக்கவில்லை. முயற்சி பண்ணிப் பார்த்தேன், கேமரா முன்னால் உட்கார்ந்தால் இப்போது வார்த்தை சுத்தமாக வர மாட்டேன் என்கிறது என்றார். போனை வைக்கும்போது, பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றார். அன்றைக்கே எக்ஸ்பிரஸ் ஆஸ்பத்திரிக்கு, அவர் வேண்டாம் என்றதையும் மீறி, ஒரு கடிதம் எழுதினாள். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

போன் பேசிய அன்று மத்தியானமே பெர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். குட்டி அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. இருவரும் நடந்து வந்தார்கள். வீட்டுப் படி ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் குட்டி நின்றாள். ஷூவுக்குள் கல். படியில் உட்கார்ந்து லேஸைப் பிரிக்க ஆரம்பித்தாள். இழுத்தால் நொடியில் வந்துவிடும் முடிச்சு. எக்ஸ்பிரஸ் கையை நீட்டப்போனவள், மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“குட்டி, துணி மாமா கதவு மூடிக்கிடக்குல்ல. அதை மூடினது அம்மாதான்.”

அடுத்து சொல்ல அவளிடம் பத்து வாக்கியம் தயாராக இருந்தது. ஏன் மூடினேன், எப்படி மூடினேன், ஆபீஸ் விதி, மேலாளர், எல்லாம். ஒன்றையும் சொல்லவில்லை. மேல் வீட்டுக்காரர் தோளில் தண்ணீர் கேனோடு ஏறி வந்தார், இருவரும் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்கள். குட்டி ஷூவைக் கவிழ்த்துக் கல்லைத் தட்டினாள். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“நீங்களா?” என்றாள்.

எவ்வளவோ நாள் கழித்து வந்த குரல். கொஞ்சம் கம்மியிருந்தது.

“நான்தான்.”

“மாமா மூடலையா?”

“இல்ல. பாவம், அவருக்கு ஒண்ணுமே தெரியாது.”

“நான் சொன்னதாலதான் மூடிட்டாருன்னு நெனச்சேன்.”

“என்ன சொன்னே?” பாழாய்ப்போன அவசரம், வாயை மீறி வந்துவிட்டது. குட்டி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். எக்ஸ்பிரஸ் தன்னைத்தானே மனசுக்குள் திட்டிக்கொண்டு படியின் விளிம்பைப் பார்த்தாள். கீழே யாரோ கேட்டைத் திறந்தார்கள், மூடினார்கள். எந்த வீட்டிலோ குக்கர் கத்தி ஓய்ந்தது.

“ஸ்போர்ட்ஸ் டேக்கு வர முடியாதுன்னு அப்பா சொன்னாங்கல்ல, அன்னைக்கு. ஷூ போட்டுக்கிட்டு இருந்தாங்க.” குட்டி கல்லை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “அப்படின்னா நீங்க வரவே வேண்டாம்னு சொன்னேன். அப்பா வரவே இல்ல.”

எக்ஸ்பிரஸ் படியின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதை மாமாகிட்ட மட்டும்தான் சொன்னேன். மறுநாள் கதவுல அதையே எழுதியிருந்துச்சு.”

மூன்றே வார்த்தை. மீட்டிங்கில் மேஜையைத் தட்டி மெச்சினார்களே, அந்த வார்த்தை. ஏழு வயசுப் பிள்ளை ஒரு வருஷமாக இதை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறது. தூக்க முடியாமல் ஒரே ஒரு இடத்தில் இறக்கி வைத்தது, அந்த இடத்தையும் பெற்ற தாயே பூட்டிவிட்டாள். எக்ஸ்பிரஸ் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குட்டி அழவில்லை, விறைப்பாக இருந்தாள். அவளுக்கு இன்னும் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

“அம்மா, அப்பாவுக்கு அது கேட்டிருக்குமா? நான் மெதுவாத்தான் சொன்னேன்.”

இல்லை கண்ணு, கேட்டிருக்கவே கேட்டிருக்காது என்ற பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. சட்டென்று சொல்லிவிடலாம். பேச்சு அதோடு முடிந்துவிடும், எழுந்து படி ஏறலாம். இப்படிச் சட்டுசட்டென்று சொல்லி முடித்துத்தான் அவள் இந்த ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

“கேட்டுச்சு கண்ணு” என்றாள்.

குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“போற வழியில வண்டியை ஓரமா நிறுத்தி எனக்கு போன் பண்ணினாங்க. சிரிச்சுக்கிட்டேதான் பேசினாங்க. ‘உன் பொண்ணு என்னை வரவே வேண்டாம்னுட்டா, என்னா கோவம் தெரியுமா’ன்னாங்க. லீவு கேட்டுப் பாக்கறேன், எப்படியும் வந்து நிப்பேன், அவகிட்ட இப்ப சொல்லாதேன்னாங்க.”

“சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

குட்டியின் உடம்பு மெல்லத் தளர்ந்தது. கல்லைப் படியில் வைத்தாள். “அப்புறம்?”

“அப்புறம், இன்னும் ஒண்ணு சொல்லணும்னாங்க.”

“என்ன சொன்னாங்க?”

எக்ஸ்பிரஸ் இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் சொன்னதில்லை, நாத்தனாரிடம் சொன்னதில்லை. தனக்குத்தானே நினைத்துப் பார்த்ததும் இல்லை, நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். குட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

“தெரியாது கண்ணு. எனக்கு அப்ப வேலை ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் போனை வச்சுட்டேன்.”